பொழுது சாய்ந்தபின் கோணிய வரிசைகள்

என் தம்பியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நூலு என்றால்தான் திரும்புவான். டிராக்டரை வயலில் இறக்கி இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஓட்டினால் உழவுச் சால் நூல் பிடித்தாற்போல் விழும். அதனால் வந்த பெயர். மீசை முளைக்கும் முன்பே வண்டியைத் தொட்டவன். கால் பிரேக்குக்கு எட்டாமல் இருக்கை நுனியில் தொங்கிக்கொண்டு ஓட்டுவான். "எப்படிடா இவ்வளவு நேரா ஓட்டுற?" என்று கேட்டால், "பக்கத்துல பாக்கக் கூடாதுக்கா. தூரத்துல எதையாவது கண்ணால புடிச்சுக்கணும்" என்பான். அதற்கு மேல் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

நான் அவனுக்கு மூத்தவள். அவன் வேலை செய்யும் அதே பண்ணையின் வாசலில் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறேன். லாரி ஏறும், எண் விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். அறையின் மூன்று பக்கமும் கண்ணாடி. யார் உள்ளே போகிறார்கள், யார் யாரோடு பேசிக்கொண்டு வெளியே வருகிறார்கள், எல்லாம் என் கண் வழியாகத்தான். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயில்லாதவளை எடைமேடையில் உட்கார வைத்தால் லாரிக்காரர்கள் மேடையையே கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

தம்பி குடித்தான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே குடித்தான். கொடுமை என்னவென்றால், குடித்துவிட்டு ஓட்டினாலும் அவன் சால் கோணாது. கோணியிருந்தால் பண்ணையில் அன்றைக்கே துரத்தியிருப்பார்கள், அவனும் அன்றைக்கே திருந்தியிருப்பான். வயலில் நேராக ஓட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கோணுவான்.

அவன் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். அதிர்ந்து பேசாதவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதனால் அவள் பேசாததுகூட எனக்குக் கேட்கும். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "குடிச்சீங்களா?" என்பாள். "இல்ல" என்பான். வாடை அவனுக்கு முன்னால் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும், இவன் "இல்ல" என்பான். மறுநாளும் இதே கேள்வி, இதே "இல்ல". வருஷக்கணக்காக இதுதான் நடந்தது. ஒருநாள் துணி உலர்த்தும்போது என்னிடம் சொன்னாள்: "குடிக்கறவரக்கூட மன்னிச்சுடலாம் அண்ணி. என்னை முட்டாள்னு நெனக்கறவர எப்படி மன்னிக்கறது?" நாத்தனார் என்கிற முறையில் நான் தம்பிக்குப் பரிந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்னதில் பிழை இருந்தால்தானே சொல்ல?

ஒருமுறை மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, கை நடுங்கி, தூக்கமில்லாமல் புரண்டு, எப்படியோ விட்டான். விட்டபிறகு வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தது என்று புதினா மிட்டாய் சப்ப ஆரம்பித்தான். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். அவள் ஒரு வருஷம் போல் தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள். வந்த அன்றைக்கு என் முன்னாலேயே அவனிடம் சொன்னாள்: "இன்னொரு தடவ இது நடந்தா நான் சண்ட போட மாட்டேன். பேசாம கிளம்பிடுவேன். அப்புறம் திரும்பி வர்றதே கிடையாது." இவன் தலையை ஆட்டினான். பாப்பா அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நல்லபடியாகத்தான் போனது. அவன் வந்தால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வேண்டாத தெய்வமில்லை.

இப்போது வண்டிக்கு வருகிறேன். பண்ணையில் புது டிராக்டர் வாங்கினார்கள். அதன் கூரையில் வெள்ளையாக ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒன்று இருக்கும். அது செயற்கைக்கோள்களிலிருந்து சிக்னலை வாங்கி, வண்டி எங்கே நிற்கிறது என்று விரல் அகலம் பிசகாமல் கணக்குப் போடுமாம். பண்ணை அலுவலகத்து மாடியில் இன்னொரு கிண்ணம். அது நகராமல் இருப்பதால், வருகிற சிக்னலில் எவ்வளவு பிழை என்று கண்டுபிடித்து வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வண்டி தானே ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டு நேராகப் போகும். ஓட்டுநர் வரப்போரத்தில் வண்டியைத் திருப்பினால் போதும். மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஓட்டுநர்களுக்குக் கை சும்மா இருக்குமா? வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருக்கும், இவர்கள் சரிசெய்கிறேன் பேர்வழி என்று ஒரு தட்டுத் தட்டுவார்கள், அதனாலேயே கோணும். மேலாளர் கடுப்பாகி ஓர் உத்தரவு போட்டார். திரையில் பச்சை எரிந்தால் யாரும் ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது. தொட்டால் வண்டியை விட்டு இறங்கிக்கொள்ளலாம். ஊரிலேயே நேராக ஓட்டுகிறவன் என்று பெயர் வாங்கியவன், கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு போனான். வாசலைத் தாண்டும்போது அப்படியே என்னைப் பார்த்துச் சிரிப்பான். "பொம்ம மாதிரி உக்காந்திருக்கேன்க்கா. பொம்மைக்கும் சம்பளம் குடுக்கறாங்க" என்பான்.

முதல் இரண்டு பருவமும் பகலில் மட்டும்தான் விதைத்தார்கள், வரிசைகள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தன. இந்த வருஷம் மழை முந்திக்கொள்ளும் என்று செய்தி வந்தது. மேலாளருக்குக் காலில் வெந்நீர் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. மக்காச்சோளத்தை மழைக்கு முன்னால் மண்ணில் போட்டாக வேண்டும். பகலில் ஒருவர், பொழுது சாய்ந்தபின் விளக்குப் போட்டுக்கொண்டு இன்னொருவர் என்று முறை வைத்தார். சாயங்கால முறை தம்பிக்கு வந்தது.

விதைக்க ஆரம்பித்துச் சில நாளிலேயே தம்பி மேலாளரிடம் போய்ச் சொன்னான். எடைமேடைக்கு வெளியில் நின்றுதான் பேசினார்கள், எனக்கு ஒரு சொல் தப்பவில்லை.

"சார், இருட்டுனதுக்கு அப்புறம் வண்டி இழுக்குது சார். ஒரு பக்கமா ஒதுங்கிட்டு, அப்புறம் வெடுக்குன்னு திரும்புது."

"பச்ச எரியுதா?"

"எரியுது சார்."

"எரிஞ்சா சரியாத்தான் போகும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கைய வச்சியா?"

"வைக்கல சார்."

"வைக்காத."

அவ்வளவுதான் பேச்சு. இருட்டில் விளக்கு வெளிச்சம் வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரம்தான் விழும். அந்த வெளிச்சமும் பாதி புழுதியில் போய்விடும். வரிசை எப்படி வந்தது என்று யாருக்குத் தெரியும்? விதை மண்ணுக்குள் இருந்தது. மண் மூடிக்கொண்டது.

மண் எத்தனை நாள் மூடி வைத்திருக்கும்? மக்காச்சோளம் முளைத்தது.

பேருந்து போகும் சாலையை ஒட்டித்தான் அந்த வயல். பகலில் விதைத்த பாதி, தலை வாரி வகிடு எடுத்த மாதிரி நின்றது. சாயங்காலம் விதைத்த பாதியைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு முழம் இந்தப் பக்கம், ஒரு முழம் அந்தப் பக்கம். ஓரிடத்தில் இரண்டு வரிசை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது, இன்னோரிடத்தில் ஒரு மாடு படுக்கிற அகலத்துக்கு மண் வெறுமையாகக் கிடந்தது. பாம்பு நெளிந்த தடம் என்றால் பாம்பு கோபித்துக்கொள்ளும். பேருந்தில் போனவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். யார் ஓட்டியது என்று ஊருக்கே தெரியும். அவன் முன்பு என்னவாக இருந்தான் என்பதும் தெரியும்.

"நூலு மறுபடி ஆரம்பிச்சுட்டான் போல" என்று ஒரு லாரிக்காரன் என்னிடமே வந்து சொன்னான். "நாய் வால நிமித்த முடியுமாக்கா?"

"நாய் வால் கெடக்கட்டும், உன் லாரியில ஓட்ட டயர் இருக்கு. மொதல்ல அதப் பாரு" என்று சீட்டை மூஞ்சியில் விட்டெறிந்தேன். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? புதினா மிட்டாயைக்கூட விட்டுவைக்கவில்லை. வாடையை மறைக்கத்தான் அதைச் சப்புகிறான் என்றார்கள். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன், தொடவேயில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தான். அவன் குடித்த காலத்தில்கூடச் சால் கோணாதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் "என் தம்பி குடிச்சாலும் நேராத்தாங்க ஓட்டுவான்" என்று எந்த அக்கா போய் வாதாடுவாள்?

அன்று சாயங்காலம் அவன் மனைவி வேலை முடிந்து அதே பேருந்தில்தான் வந்தாள். வயலைப் பார்த்துவிட்டாள். வந்தவள் முகம் கழுவவில்லை, விளக்குப் போடவில்லை. பாப்பாவின் பள்ளிக்கூடத் துணிகளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா என் வீட்டில் வந்து, "அத்த, அம்மா துணியெல்லாம் எடுத்து வைக்கறாங்க" என்றாள். நான் போட்டது போட்டபடி ஓடினேன். அன்றைக்கு அவனுக்கு முறை இல்லை, வீட்டில்தான் இருந்தான். கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"குடிச்சீங்களா?" என்றாள்.

"இல்ல."

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை என் எதிரிகூடக் கேட்க வேண்டாம். "இந்த 'இல்ல'ய நான் எத்தன வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்! ஊரே பாக்குது, மொளச்சு நிக்குது, இன்னும் 'இல்ல'ன்னா என்ன அர்த்தம்? ஒரே ஒரு தடவ உண்மையச் சொல்லுங்க. குடிச்சேன்னு ஒத்துக்குங்க, நான் போகல. பாப்பா மேல சத்தியமா போகல. பொய் சொன்னீங்கன்னாதான் போவேன்."

"நான் குடிக்கலம்மா."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "பாப்பா, செருப்பப் போடு."

தம்பி கையை உயர்த்தினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "குடிச்சேன்."

அவள் அப்படியே பையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அடப்பாவி! என்கிட்ட சத்தியம் பண்ணியேடா! குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க? உனக்காக ஊரெல்லாம் சண்ட போட்டேன் பாரு, என்னச் சொல்லணும்!" இன்னும் என்னென்னவோ திட்டினேன். எழுதுகிற மாதிரியான சொற்கள் இல்லை. நான் கதவை அறைந்துவிட்டு வந்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

மறுநாள் காலை அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். கையில் பை, பக்கத்தில் பாப்பா. நான் எடைமேடையை விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து போனேன்.

"போக மாட்டேன்னு சத்தியம் பண்ணியேம்மா?"

"பண்ணேன் அண்ணி. ஒத்துக்கிட்டாரே, அதுக்காகவாவது இருக்கணும்னுதான் படுத்தேன். கண்ண மூட முடியல. அவர் மூச்சு விடறதே எனக்கு வாடையா வந்துச்சு. வாடையே இல்லன்னு தெரியுது, ஆனா வருது. என்னால முடியல." பேருந்து வந்தது. ஏறினாள். பாப்பா ஜன்னலில் முகத்தை அழுத்தி வைத்துக்கொண்டு வீட்டுத் திசையையே பார்த்துக்கொண்டு போனாள்.

பண்ணையில் அவனைத் துரத்தவில்லை. மழைக்கு முன் ஆள் வேண்டியிருந்ததால் வண்டிக் கொட்டகையில் கிரீஸ் போடும் வேலையில் தள்ளினார்கள். அவனும் கிரீஸ் போட்டான். காலையில் வருவான், என் கண்ணாடியைப் பார்க்காமல் உள்ளே போவான், சாயங்காலம் பூட்டிய வீட்டைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போவான். நான் சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் தட்டு காலியாக வந்தது. பேச்சுதான் வரவில்லை. நானும் பேசவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

சாயங்கால முறைக்கு இன்னொருவரைப் போட்டார்கள். அவருக்குப் பச்சைத்தண்ணி என்று பெயர். டீகூடக் குடிக்க மாட்டார். சோடா கொடுத்தாலும் மூடியைத் திறந்து காற்றை எல்லாம் போகவிட்டு, கடைசியில் அதையும் வேண்டாம் என்பார். பச்சைத்தண்ணியைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்காது. "இனிமே கவலயில்ல" என்றார் மேலாளர்.

ஒருமுறை சூடு கண்டவர் அல்லவா? முளைக்கும்வரை காத்திருக்காமல் மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போய் மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தார். அங்கிருந்து அவர் நடந்து வந்த நடையை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அன்று அலுவலகத்தில் பச்சைத்தண்ணியை நிற்கவைத்து, வாயை ஊதச் சொன்னாராம். அந்த மனுஷன் அழுதேவிட்டார். அவருடைய தடமும் நெளிந்துதான் கிடந்தது. சொல்லப்போனால் தம்பியுடையதைவிட மோசம்.

பச்சைத்தண்ணி ஓட்டியதும் கோணுகிறது என்றால் வண்டியில்தான் கோளாறு. வண்டியில் கோளாறு என்றால் என் தம்பி... ஆனால் அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டானே? நேராகக் கொட்டகைக்குப் போய்க் கேட்டேன். "டேய், நீ குடிச்சியா இல்லையா?" அவன் சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தான். "வேல இருக்குக்கா" என்றான். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்திருப்பேன், வாசலில் லாரி ஹாரன் அடித்ததால் பிழைத்தான்.

வண்டி விற்ற கம்பெனியிலிருந்து ஒரு தொழில்நுட்பக்காரர் வந்தார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை, தோளில் கணினிப் பை. உச்சி வெயிலில் வயலில் இறக்கி இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். வண்டி அப்பழுக்கில்லாமல் போனது. மாடிக் கிண்ணத்தையும் சோதித்தார். அதுவும் சரி. "மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். ஆளுங்களப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் வண்டி எடைமேடை வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? வாசலை மறிக்கும் கம்பியை நான் தூக்கவில்லை.

"தொறங்க மேடம்."

"ஏன் தம்பி, பல்லு வலி ராத்திரி வந்தா பகல்ல போயி ஊசி போட்டுக்குவீங்களா?"

"என்ன மேடம்?"

"வண்டி இருட்டுனதுக்கு அப்புறம்தான் இழுக்குது. நீங்க உச்சி வெயில்ல ஓட்டிப் பாத்துட்டுச் சரியா இருக்குன்னா எப்படி?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். "இருட்டுனதுக்கு அப்புறமா? பகல்ல கோணலா வந்ததே இல்லையா?"

"இல்ல."

"இத யாருமே எனக்குச் சொல்லலையே!" என்று வண்டியை அணைத்தார். மேலாளர் சொல்லவில்லைதான். தம்பி அவரிடம் சொன்னது அவர் காதுக்குள்ளேயே போகவில்லை, பிறகு எங்கிருந்து சொல்வார்?

அன்று சாயங்காலம் தொழில்நுட்பக்காரர் இருந்து பார்த்தார். பச்சைத்தண்ணி ஓட்ட, இவர் பக்கத்துச் சிறு இருக்கையில் உட்கார்ந்தார். மேலாளரும் நானும் வரப்பில் நின்றோம். வெளிச்சம் இருந்தவரை வண்டி ஒழுங்காகப் போனது. இருட்டி, ஆள் முகம் மறைந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கியது. யாரோ காதைப் பிடித்து இழுத்தாற்போல் திடீரென்று திரும்பியது. மறுபடி ஒதுங்கியது. பச்சைத்தண்ணி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டே போனார், நான் தொடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

தொழில்நுட்பக்காரர் இறங்கி வந்து முதலில் கேட்டது மேலாளரிடம்தான். "சார், சிக்னல் கெட்டா வண்டி கத்தணும், தானா நின்னுடணும். அப்படித்தான் வச்சுக் குடுத்தோம். எவ்வளவு பிழை வந்தா நிக்கணும்ங்கற அந்த எல்லைய யார் தளத்தி விட்டது?"

மேலாளர் வானத்தைப் பார்த்தார். "சாயங்காலமானா சும்மா சும்மா கத்திக்கிட்டு நின்னுச்சு. மழ வருதேன்னு... நான்தான் சொன்னேன்."

அதாவது, எனக்குத் தடுமாறுகிறது, ஓட்டாதே என்று அந்த வண்டி முதல் நாளே சொல்லியிருக்கிறது. இவர் அதன் வாயைக் கட்டிவிட்டு, பச்சையை எரியவிட்டு, ஓட்டுகிறவன் கையையும் கட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அதன்பிறகு அவர் என்னை எடைமேடை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார், அதுவும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

"ஆனா சிக்னல் ஏன் தம்பி கெடுது?" என்று கேட்டேன். "மேகம்கூட இல்லையே?"

"மேகத்துக்கும் மேலக்கா." அவர் மேடத்திலிருந்து அக்காவுக்கு இறங்கியிருந்தார். "செயற்கைக்கோள் எல்லாம் ரொம்ப உயரத்துல சுத்துது. அங்கேர்ந்து சிக்னல் கீழ வரணும்னா நடுவுல ஒரு அடுக்கத் தாண்டி வரணும். தரையிலேர்ந்து நூறு கிலோமீட்டருக்கு மேல, பல நூறு கிலோமீட்டர் வரைக்கும் அது இருக்கு. காத்து அங்க ரொம்ப மெலிசு. பகல் பூரா சூரியன் அடிச்சு, அந்தக் காத்துலேர்ந்து எலெக்ட்ரான பிச்சு எடுத்துடும். அதுக்குள்ள பூந்து வர்றப்ப சிக்னலுக்குக் கொஞ்சம் தாமதமாகும். பகல்ல பெரும்பாலும் அது சீரா இருக்கும், அதனால மாடியில இருக்கற கிண்ணம் கணக்குப் போட்டுக் கழிச்சுடும்."

"பொழுது சாஞ்சா?"

"சூரியன் போனதும் அந்த அடுக்கோட அடிப்பக்கம் சீக்கிரம் கரைஞ்சுடும். மேல்பக்கம் அப்படியே அடர்த்தியா நிக்கும். மேல அடர்த்தி, கீழ மெலிசு. அது எப்படி நிக்கும்? கீழ இருக்கற மெலிசு குமிழ் குமிழா கிளம்பி மேல ஏறும். அந்தக் குமிழ் ஒவ்வொண்ணும் ஒரு ஊரு பெருசுக்கும் மேல இருக்கும். அதுக்குள்ள மாட்டுன சிக்னல் நட்சத்திரம் மினுக்கற மாதிரி மினுக்கும். கிண்ணம் அதப் புடிக்கும், விடும், மறுபடி புடிக்கும். மாடியில இருக்கறது ஒரு மாதிரி பாக்கும், வண்டியில இருக்கறது வேற மாதிரி பாக்கும். கணக்கு குழம்பிடும். நிலநடுக்கோட்டுப் பக்கத்து ஊர்கள்லதான் இது அதிகம். அதுலயும் பகலும் ராத்திரியும் சமமா வர்ற மாசங்கள்ல பெரும்பாலும் இப்படித்தான். சூரியன் கொதிப்பா இருக்கற வருஷத்துல இன்னும் மோசம். இந்த வருஷம் அப்படி."

அடுப்பில் ஏறிய உலை கொதிக்கிற மாதிரி என்று எனக்கு விளங்கியது. அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கொதிக்கிற உலையானால் கண்ணுக்கு ஆவியாவது தெரியும், இது அதுவும் இல்லை. மேலே எங்கேயோ குமிழ் விட்டதற்கு இங்கே கீழே ஒரு குடும்பம் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

மேலாளர் மறுநாள் கொட்டகைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நூலு, உன் மேல தப்பில்லப்பா. பகல் முறைக்கு வா" என்றார். அவரும் மனுஷன்தான், அதைச் சொல்ல வேண்டும். தம்பி கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "சரி சார்" என்றான். துள்ளவில்லை, சிரிக்கவில்லை. எனக்குத்தான் மனது ஆறவில்லை. எடைமேடையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறினேன்.

தம்பி மனைவி தன் அம்மா வீட்டில், ஜன்னலோரம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சு வாங்காமல் சொன்னேன். கிண்ணம், குமிழ், பச்சைத்தண்ணி, மேலாளர் எல்லை தளர்த்தியது என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். ஊசிக்குக் கீழே துணியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்ப அவர் குடிக்கலையா?"

"இல்லடியம்மா, ஒரு சொட்டு இல்ல!"

"அப்ப ஏன் அண்ணி குடிச்சேன்னு சொன்னாரு?"

"வந்து நீயே கேளு" என்றேன். அவள் பையெல்லாம் எடுக்கவில்லை. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள். பேருந்தில் அந்த வயல் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி அடுக்களையில் தரையில் உட்கார்ந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாப்பா ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் மனைவி அடுக்களை வாசற்படியைத் தாண்டவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள். "குடிக்காமலே ஏன் குடிச்சேன்னு சொன்னீங்க? நான் எங்கம்மா வீட்ல அழுத அழுக உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி பாப்பாவின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் வரும். "குடிக்கலன்னு சொன்னேன், நீ கிளம்புன. குடிச்சேன்னு சொன்னேன், நின்ன. எனக்கு நீ நின்னாப் போதும்னு இருந்துச்சு" என்றான். "பொய்யா சொல்லிச் சொல்லி அந்த 'இல்ல'ய நான்தான தேய்ச்சு வச்சேன். உண்மையாச் சொல்லணும்னு வந்தப்ப எங்கிட்ட வேற வார்த்த இல்ல."

குழாயை அவன் மூட மறந்திருந்தான். அவள்தான் உள்ளே வந்து அவனைத் தாண்டிப் போய் அதை மூடினாள்.

"இனிமே கேக்க மாட்டேன்" என்றாள், குழாயைப் பார்த்துக்கொண்டே. "நீங்க இல்லன்னா இல்லதான்."

"நாளைக்கு நான் குடிச்சிட்டு வந்தாலும் இல்லன்னுதான சொல்லுவேன்? அப்ப என்ன பண்ணுவ?"

"ஏமாந்துட்டுப் போறேன்" என்றாள். "உங்கள நம்பாம இருந்து பாத்துட்டேன். அதுக்கு ஏமாறதே மேல்."

தம்பி சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். குடித்த காலத்தில் அவன் அழுததெல்லாம் கணக்கில் வராது. தெளிவாக இருந்து என் தம்பி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.